தரகு என்னும் சொல்: ஊவாத் தோட்ட வழக்கை முன்வைத்து ஒரு நோக்கு

கூலி, தரகு என்னும் இரு சொற்களும் தமிழில் ஓரினத்தன. இரண்டும் ஊதியத்தைக் குறிப்பவை. உடலால் உழைத்தவன் பெறுவது கூலி. இருவரிடையே நின்று ஒரு கொடுக்கல் வாங்கலை முடித்துவைத்தவன் பெறுவது தரகு. ஊதியத்தின் பெயர் அதனைப் பெறுபவனுக்கு ஆகிவருவதும் தமிழுக்குப் புதிதன்று. இலக்கணகாரர் இத்தகைய வழக்குக்கெல்லாம் ஆகுபெயர் என்று இடம் வகுத்துள்ளனர். எனினும் 19ஆம் நூற்றாண்டில், இலங்கையின் மலைநாட்டிலே கோப்பித் தோட்டங்கள் எழுந்த காலந்தொட்டு, இவ்விரு சொற்களுக்கும் நேர்ந்த கதி ஒன்றாக இருக்கவில்லை. உழைத்தவனுக்கு அவன் பெற்ற கூலியே பெயராயிற்று. ஆங்கிலத்தில் வழங்கிய அச்சொல்லின் பிறப்புக் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் தமிழர் செவியில் அது ஊதியச் சொல்லாகவே ஒலித்தது. பெயரிலும் பேரேட்டிலும் அரச அறிக்கையிலும் அவன் கூலி ஆனான். அவனை ஊரிலிருந்து அழைத்துவந்து தோட்டத்தில் ஒப்படைத்து, அதற்கென ஒரு தொகை பெற்றவனுக்கோ, அவன் பெற்ற தரகு பெயராகவில்லை. அவன் கங்காணி ஆனான்.

இவ்வேற்றுமை தற்செயலானதா, அன்றி அதற்குக் காரணம் உண்டா என்பதே இங்கு நாம் எடுத்துக்கொண்ட வினா. மலையக இலக்கியம் பற்றி எழுதுவோர் கங்காணி என்னும் பாத்திரத்தைப் பலபட ஆராய்ந்துள்ளனர். அச்சொல்லை ஆராய்ந்தோர் சிலரே. சொல்லை விடுத்துப் பாத்திரத்தை மாத்திரம் நோக்கும்போது, கங்காணி நல்லவனா தீயவனா என்ற அறவியல் வினாவோடு திறனாய்வு நின்றுவிடுகின்றது. அவ்வினாவினால் நாம் பெற்ற பயன் அதிகமில்லை.

தரகு பழைய சொல். சோழர் காலச் செப்பேடுகளிலே, தானமாக வழங்கப்பெற்ற ஊர்களுக்கு விலக்களிக்கப்பட்ட இறைகளின் நிரலில், தறிப்புடவை, தட்டார்ப்பாட்டம், இடைப்பாட்டம் முதலியவற்றோடு தரகு என்பதும் இடம்பெறுகின்றது. இவ்விடத்தில் அது தரகுத் தொழிலின்மேல் விதிக்கப்பட்ட இறையாகும். நெய்வோனும் தட்டானும் இடையனும் நின்ற அதே வரிசையிலே தரகனும் நின்றான் என்பது கவனிக்கத்தக்கது. அவனது தொழில் மறைவானதன்று. ஊர் அறிந்தது, அரசு அறிந்தது, வரிக்குட்பட்டது. கேரளத்திலே தரகன் என்பது ஒரு பட்டமாகி, குடும்பப் பெயராகவும் நிலைபெற்றது. சுரியானிக் கிறித்தவக் குடும்பங்கள் சில அதனை இன்றும் பெருமையோடு தரித்திருக்கின்றன. தருதல் என்னும் வினையோடு இச்சொல்லை இணைத்துக் காணவும் இடமுண்டு. ஆகவே, இச்சொல் தோன்றியபோதே இழிபொருளோடு தோன்றியது என்று கொள்வதற்கு ஆதாரமில்லை.

இழிவு பின்னர் வந்து ஒட்டியது. மாட்டுச் சந்தையிலே இரு தரகர் கைகளைத் துண்டால் மூடிக்கொண்டு, விரல்களைத் தொட்டும் மடக்கியும் விலை பேசுவர். விற்பவனும் வாங்குபவனும் பக்கத்திலே நிற்பர். எத்தனை விரல் பிடிக்கப்பட்டது என்பது துண்டுக்குள் இருக்கும் இருவருக்கே தெரியும். இந்தக் காட்சி தரகு பற்றிய தமிழ் மக்களின் எண்ணத்தில் ஆழப் பதிந்துவிட்டது எனலாம். தரகன் என்றால் மூடிய கை. கலியாணத் தரகர், காணித் தரகர், வீட்டுத் தரகர் என்று இன்று வழங்கும் தொடர்களிலும், பேச்சுவழக்கில் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்ட புரோக்கர் என்ற சொல்லிலும் அந்த ஐயம் கலந்தே இருக்கின்றது. ஆயினும் இழிவோடு வழங்கும்போதும் இச்சொல்லிடம் ஒரு நேர்மை உண்டு. தரகர் என்று ஒருவரைச் சொல்லிய மாத்திரத்தே மூன்று செய்திகள் உடன் பெறப்படுகின்றன. விற்பவர் ஒருவர் இருக்கின்றார், வாங்குபவர் ஒருவர் இருக்கின்றார், இடையில் நிற்பவர் தமக்கென்று ஒரு பங்கு எடுக்கின்றார். வேறு எச்சொல்லும் இம்மூன்றையும் ஒருங்கே சொல்வதில்லை.

இனி ஊவாவுக்கு வருவோம். பெரகலையிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் வீதியிலே, தியலும நீர்வீழ்ச்சிக்கு அண்மையில் உள்ள சிற்றூர் கொஸ்லந்த. பலாவையும் புதர்க்காட்டையும் குறிக்கும் சிங்களச் சொற்கள் சேர்ந்த பெயர். தமிழ் வாயிலே கொஸ்லந்தை என்று வழங்குகின்றது. 29.10.2014 அன்று மீரியபெத்தவில் மலைச்சரிவு லயங்களை மூடிய பின்னரே இப்பெயர் உலகச் செய்திகளில் அடிபட்டது. அதற்கு முன்னரே இப்பகுதி ஒரு வணிக வரலாற்றின் நடுவில் இருந்தது. கொஸ்லந்தைக்கு மேலே நிற்கும் அப்புத்தளை மலைத்தொடரிலே தம்பத்தென்னைத் தோட்டம் இருக்கின்றது. கிளாஸ்கோ நகர மளிகை வணிகரான தோமஸ் லிப்டன் 1890ஆம் ஆண்டு அதனை வாங்கினார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு என்பது அவர் தேயிலை விளம்பரத்தின் சாரம். இடையிலே எவரும் இல்லை, ஆதலின் விலை மலிவு என்பது அதன் உட்பொருள். தரகை நீக்கியதே அவருடைய வணிகத்தின் பெருமையாகப் பேசப்பட்டது.

அவர் நீக்கியதாகச் சொன்ன தரகு எது என்று கேட்கவேண்டும். தேயிலை விற்பனையில் நின்ற தரகு அது. 1883ஆம் ஆண்டு யூலை 30ஆம் நாள் கொழும்பிலே சொமர்வில் நிறுவனத்தின் அலுவலகத்தில் முதலாவது தேயிலை ஏலம் நடைபெற்றது. அன்றுதொட்டு இன்றுவரை கொழும்பு ஏலத்திலே தேயிலைத் தரகர் நிறுவனங்கள் இயங்கி வருகின்றன. தேயிலையைச் சுவைத்து மதிப்பிடுவதும், பட்டியல் அச்சிடுவதும், ஏலம் கூறுவதும், தொழிற்சாலைகளுக்கு முற்பணம் கொடுப்பதும் அவர்களுடைய பணிகள். அவர்கள் பெறுவது தரகு என்றே கணக்கில் எழுதப்படுகின்றது. தமிழ்ப் பத்திரிகைகளும் அவர்களைத் தேயிலைத் தரகர் என்றே குறிக்கின்றன. அதில் எவருக்கும் கூச்சமில்லை.

ஆனால் அதே மலையிலே வேறொரு தரகும் நடந்தது. இலைக்கு நடந்ததுபோல ஆளுக்கும் நடந்தது. மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், சேலம், திருநெல்வேலிப் பகுதிகளின் கிராமங்களிலிருந்து ஆள் கட்டி வந்தவர்களுக்கு, ஆளின் தலைக்கு இவ்வளவு என்று பணம் போய்ச் சேர்ந்தது. லிப்டனின் தோட்டங்கள் உட்பட ஊவாவின் பெருந்தோட்டங்கள் யாவும் இம்முறையின்மீதே நின்றன. இடைநின்றவர் எவருமில்லை என்று தேயிலையின் உறையிலே எழுத முடிந்தது. அத்தேயிலையைக் கொய்த கையின் கதையில் அவ்வாறு எழுத முடியாது.

இந்த இரண்டாவது தரகைச் செய்தவனுக்கு வழங்கிய பெயரை இனிப் பார்க்கலாம். கங்காணி என்பது கண்காணி என்பதன் மரூஉ. கண்ணாற் காண்பவன், மேற்பார்ப்பவன் என்பது நேர்ப்பொருள். திருமந்திரத்திலே இச்சொல் எங்கும் நிறைந்து எல்லாவற்றையும் காணும் இறைவனைக் குறிக்கின்றது. சோழர் கல்வெட்டுக்களிலே கோயிற் காரியங்களை மேற்பார்க்கும் அதிகாரியைக் குறிக்கின்றது. இறைவனுக்கும் கோயில் அதிகாரிக்கும் உரியதாய் இருந்த ஒரு சொல், 19ஆம் நூற்றாண்டிலே கோப்பித் துரையின் கீழ் நின்ற ஆள்கட்டிக்கு வந்து சேர்ந்தது. ஆள்கட்டுதல், முற்பணம் வழங்கல், கடன் வசூலித்தல், வேலை வாங்குதல், வழக்குத் தீர்த்தல் என்று அவன் செய்த தொழில்கள் பல. அவற்றுள் பெயராக வாய்த்தது காண்பது ஒன்றே. பணம் பற்றிய செய்தி எதுவும் அப்பெயரில் இல்லை. தரகர் என்ற சொல் உடனே வெளிப்படுத்தும் மூன்று செய்திகளையும் கங்காணி என்ற சொல் மறைத்துவிடுகின்றது. அது வேலைத்தலத்தைக் காட்டும், சந்தையைக் காட்டாது.

முறை எவ்வாறு இயங்கிற்று என்பதைச் சற்று விரிவாக நோக்குவது அவசியம். ஏனெனில் சொல்லின் மறைப்பு முறையின் நுணுக்கத்திலேயே விளங்கும். தோட்டத்துரை பெரிய கங்காணிக்கு முற்பணம் கொடுப்பார். பெரிய கங்காணி தாமோ, தமக்குக் கீழ்ப்பட்ட சில்லறைக் கங்காணிகளோ ஊருக்குச் சென்று, பெரும்பாலும் தத்தம் உறவினரையும் சாதியினரையும் ஊரவரையும் அழைத்துவருவர். வழிச்செலவு, ஊரிலே இருந்த பழங்கடனைத் தீர்த்த செலவு, குடும்பத்துக்குக் கொடுத்த சிறுதொகை யாவும் தொழிலாளி பெயரிலே கடனாக எழுதப்பட்டன. முற்பணத்தில் ஒரு பகுதி கங்காணியின் கையிலேயே தங்கிவிடுவதும் உண்டு. கடனோ முழுத்தொகைக்கும் தொழிலாளி பெயரிலேயே இருந்தது. தோட்டத்தை அடைந்தபின், வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் நாளொன்றுக்குச் சில சதம் வீதம் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆள் காய்ச்சலில் படுத்தால் தொழிலாளிக்குச் சம்பளம் இல்லை, கங்காணிக்குத் தலைக்காசும் இல்லை. காய்ச்சலோடு ஒருவனை மலைக்கு விரட்டியதில் கங்காணிக்கு என்ன நயம் என்பது இதனால் விளங்கும். அதனைக் கொடுமை என்று கதையாசிரியர் எழுதினர். கணக்கு என்று எழுதியிருந்தால் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும்.

துண்டு என்பது இம்முறையின் உச்சம். ஒரு கங்காணியும் அவனது ஆட்களும் வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், துரை ஒரு துண்டுக் கடிதம் எழுதிக் கொடுப்பார். இத்தனை ஆட்கள், இவ்வளவு கடன். இத்தொகையைச் செலுத்துவோருக்கு இவர்களை விடுவிக்கச் சம்மதம் என்பது அதன் கருத்து. புதிய துரை அத்தொகையைக் கட்டி அவர்களை எடுப்பார். புதிய கடன் பழைய கடனின்மீது ஏறும். ஆட்களுக்குத் தட்டுப்பாடு மிகுந்த காலங்களில் துண்டின் தொகை உயர்ந்தது. கடன் என்று பெயர் பெற்றிருந்தாலும், நடைமுறையில் அது விலையே. மாட்டுச் சந்தையில் தரகர் கையை மூடுவதும் துண்டு, மலைநாட்டில் ஆளின் விலையை மூடியதும் துண்டு என்பது வெறும் ஒலியொற்றுமைதான். சொல்லாராய்ச்சியில் இத்தகைய ஒற்றுமைகளுக்கு மதிப்பளிக்கக்கூடாது என்பதும் நாம் அறிந்ததே. இருப்பினும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டு முறையைச் சட்டவிரோதமாக்கியது. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியகல்வுச் சட்டமும் 1923ஆம் ஆண்டின் இலங்கைக் கட்டளைச் சட்டமும் ஆள்திரட்டலை அனுமதிப்பத்திரம் பெற்ற கங்காணிகளின் வழியே ஒழுங்குபடுத்தின. 1939ஆம் ஆண்டு ஓகஸ்ற்றிலே இந்திய அரசு உடலுழைப்பாளர் இலங்கைக்குச் செல்வதைத் தடைசெய்தபோது ஆள்கட்டும் தொழில் முடிவுற்றது. துண்டு, கங்காணி, கூலி என்னும் தமிழ்ச் சொற்கள் ஆங்கிலச் சட்டத்துள்ளும் அறிக்கையுள்ளும் அப்படியே புகுந்தன. தரகு என்ற தமிழ்ச் சொல்லுக்கு அத்தேவை ஏற்படவில்லை. ஏற்பட்டிருந்தால் நடந்தது விற்பனை என்று சட்டம் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

இவ்விடத்தில் எதிர்வாதம் ஒன்று எழக்கூடும். அது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. கங்காணி வெறுந் தரகன் அல்லன். அவன் உறவினன், ஊர்ப்பெரியவன். தோட்டத்தில் கோயில் எடுத்தவனும் திருவிழா நடத்தியவனும் அவனே. துரைக்கு முன்னே தன் ஆட்களுக்காகப் பேசியவனும், பேசக்கூடியவனாய் இருந்தவனும் அவன் ஒருவனே. கலியாணத்துக்கும் சாவுக்கும் பணம் கொடுத்தவனும் அவன். தரகனோ பேரம் முடிந்ததும் பங்கைப் பெற்றுக்கொண்டு போய்விடுபவன். எனவே கங்காணியைத் தரகன் என்பது வரலாற்றைக் குறுக்குவதாகும் என்பர்.

இவ்வாதத்திலே கூறப்படும் செய்திகள் உண்மை. முடிவை மாத்திரம் நாம் ஏற்கவில்லை. தரகன் போய்விடுகின்றான், கங்காணி தங்கிவிட்டான் என்ற வேறுபாடு மிக முக்கியமானது. ஆனால் அது கங்காணியைத் தரகிலிருந்து விலக்கவில்லை, தரகையே வேறொன்றாக மாற்றிவிட்டது. மாட்டுத் தரகன் ஒரு மாட்டுக்கு ஒரு முறையே தரகு பெறுவான். கங்காணி ஓர் ஆளுக்கு, அவ்வாள் பெரட்டுக்கு வந்து நின்ற நாளெல்லாம் பெற்றான். பேரம் முடியவே இல்லை. நாள்தோறும் விடியற்காலையில் அது மீண்டும் நடந்தது. உறவும் அப்படியே. உறவினன் என்பதனாலேயே ஊரில் அவன் சொல் நம்பப்பட்டது. கடன் வாங்கியவன் ஓடிப்போகாமல் இருந்ததற்கும் உறவே பிணை. உறவுக்கு அப்பால் தரகு இருந்தது என்பதைவிட, உறவே அத்தரகின் மூலதனமாக இருந்தது என்பதே பொருந்தும். கோயில் எடுத்தான் என்பதும் இதனால் பொய்யாகிவிடாது. அக்கோயில்கள் இன்றும் நிற்கின்றன. அவற்றில் உண்மையான பக்தி இருந்தது. ஒரே மனிதன் இரண்டையும் செய்தான் என்பதை ஏற்கும் மனப்பக்குவம் நமது திறனாய்வுக்கு வரவேண்டும்.

இனி இலக்கியம் இச்சொல்லை எவ்வாறு கையாண்டது என்று பார்க்கலாம். மலையகத்தின் முற்பட்ட அச்சுநூல்களுள் ஒன்றாகிய ஆபிரகாம் ஜோசப்பின் கோப்பிக் கிருஷிக் கும்மி 1869ஆம் ஆண்டு வெளிவந்தது. தோட்டத் தொழிலைத் தொழிலாளருக்குக் கற்பிக்க எழுந்த அந்நூலிலே இடைநிலையாளர் மீது விமரிசனத்தை எதிர்பார்ப்பது பொருந்தாது. புதுமைப்பித்தனின் துன்பக்கேணி 1935ஆம் ஆண்டு மணிக்கொடியில் வந்தது. இலங்கையைக் காணாமலே எழுதப்பட்டது என்று அக்கதையைக் குறைகூறுவோர் உண்டு. தோட்டத்தைப் பற்றிய விவரங்களில் அக்குறை பொருந்தும். ஆனால் இக்கட்டுரைக்கு வேண்டிய பகுதியை, அதாவது ஒருத்தி ஊரிலே எந்த நெருக்குதலினால் தோட்டத்துக்குப் போக இசைகின்றாள் என்பதை, அவர் இலங்கைக்கு வந்து பார்க்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. அது திருநெல்வேலியிலேயே நடந்தது. மருதி கப்பல் ஏறுமுன்பே அவள் கதை பாதி முடிந்துவிடுகின்றது. மலையக எழுத்தாளர் பலர் தோட்டத்திலிருந்து கதையைத் தொடங்கியதனால் இழந்துவிட்ட பாதி அது.

கோகிலம் சுப்பையாவின் தூரத்துப் பச்சை (1964) தலைப்பிலேயே இதனைப் பிடித்துவிட்டது. தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பது பழமொழி. ஆள்கட்ட வந்தவன் ஊரிலே விற்ற பண்டம் உண்மையில் இந்தத் தூரத்துப் பச்சைதான். தோட்டத்துக்கு ஆளை விற்றான், ஆளுக்குத் தோட்டத்தை விற்றான். இரு பக்கமும் பெறுபவனையே நாம் தரகன் என்கின்றோம். நாவலின் தலைப்பு சொல்லிய அளவுக்கு அதன் பாத்திரங்கள் சொல்லவில்லை என்பது எமது கருத்து.

சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) திரட்டி வெளிப்படுத்திய தோட்டப் பாடல்களிலே கங்காணி மீது எள்ளலும் ஏச்சும் நிறைய உண்டு. நாம் பார்த்த பாடல்களில் அவனது மீசையும் தலைப்பாகையும் கோட்டும் பிரம்பும் வாயும் பேசப்படுகின்றன. பாடுபவர் கண்ணுக்கு அவை தெரிந்தன. அவனது கணக்கு தெரியவில்லை. கணக்குப் புத்தகம் எழுத்தறிவு இல்லாதவருக்குக் காட்டப்படவில்லை என்பதை நினைக்கும்போது இதில் வியப்பில்லை. வேலுப்பிள்ளையே பெரிய கங்காணி குடும்பத்தில் பிறந்தவர். அக்குடும்பத்தின் வசதியினால் கல்வி பெற்று, அக்கல்வியைத் தொழிலாளர் பக்கம் நின்று பயன்படுத்தியவர். அவருடைய எழுத்தின் பெருமதிப்புக்கு இதனால் இழுக்கில்லை. எனினும் முதற்றலைமுறை மலையகப் படித்தோரிற் பலர் இத்தகைய குடும்பங்களிலிருந்தே வந்தனர் என்பதையும், கங்காணியைத் தந்தையாகவோ பாட்டனாகவோ கண்டவர்களுக்குத் தரகர் என்ற சொல் நாவில் வருவது எளிதன்று என்பதையும் இலக்கிய வரலாறு குறித்துக்கொள்ளவேண்டும். வெளியிலிருந்து வந்த கோ. நடேசய்யருக்கு அத்தடை இருக்கவில்லை. தஞ்சாவூரிலிருந்து வந்து, பத்திரிகை நடத்தி, 1931ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளருக்கெனச் சம்மேளனம் அமைத்த அவர், துரைமாரோடு கங்காணிமாரையும் நேர்நின்று எதிர்த்தார். தோட்டங்களுக்குள் அவர் சந்தித்த எதிர்ப்பில் கங்காணிமாரின் பங்கும் இருந்தது. பணம் எங்கிருந்து எங்கே போகின்றது என்று தொழிலாளருக்கு எழுதிக்காட்டியமையே அவரது உரைநடையின் வலிமை.

விசித்திரம் என்னவெனில், தரகு என்ற சொல் பின்னர் இலக்கியத் திறனாய்வுக்கு வந்தபோது, மலைநாட்டுக்கு வராமல் வேறு வழியாக வந்தது. 1960களிலும் 1970களிலும் இடதுசாரி எழுத்துக்களிலே தரகு முதலாளி, தரகு முதலாளித்துவம் என்னும் தொடர்கள் பெருவழக்காயின. சீனத் துறைமுகங்களிலே ஐரோப்பியருக்கு இடைநின்ற உள்ளூர் வணிகரைக் குறித்த, வாங்குபவன் என்ற பொருளுடைய போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்த அரசியற் கலைச்சொல்லுக்கு அது தமிழாக்கம். நல்ல தமிழாக்கம்தான். ஆனால் கொழும்பு ஏற்றுமதி வணிகனையும் ஏகாதிபத்தியத்தின் உள்ளூர்ப் பங்காளியையும் தரகன் என்று இனங்காட்டிய அதே கட்டுரைகள், மலையகக் கதைகளைப் பேசவந்தபோது கங்காணியை நிலமானியத்தின் எச்சம் என்று வகைப்படுத்தி அமைந்தன. நிலமானியம் என்றால் பழமை; காலம் மாறினால் தானே மறையும் என்ற எண்ணம் அதில் உண்டு. இந்த வகைப்பாடு நமக்கு உடன்பாடன்று. கங்காணி ஊரின் பழமையிலிருந்து வந்தவன் போலத் தோற்றினான். தலைப்பாகையும் சாதிப் பெருமையும் அத்தோற்றத்துக்கு உதவின. அவனை உண்டாக்கியதோ இலண்டன் சந்தையை நோக்கி நின்ற பெருந்தோட்டம். தலைக்கு இத்தனை சதம் என்ற கணக்கு எந்த நிலமானியத்திலும் இல்லை. தரகு என்ற சொல்லைக் கையில் வைத்திருந்தும் அதற்கு மிகப் பொருத்தமான இடத்தில் அதனை வைக்கத் தவறியது, அக்காலத் திறனாய்வின் சிறிய தவறு என்று சொல்வதற்கில்லை.

தொழிற்சங்கத்துக்குச் சம்பளத்திலிருந்து கழிக்கப்படும் சந்தாவையும் தரகு என்று ஏசும் வழக்கம் இன்று தோட்டங்களில் உண்டு. கோபத்தில் சொல்லப்படுவது அது. சந்தா கொடுப்பவர் சங்கத்தை விட்டு விலகலாம், வேறு சங்கத்தில் சேரலாம். துண்டில் எழுதப்பட்டவர் அப்படிப் போக முடியவில்லை. சொல்லைக் கண்ட இடத்திலெல்லாம் வீசினால் அது வெட்டவேண்டிய இடத்தில் வெட்டாது.

கொஸ்லந்தை, பூனாகலை, ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டங்களிலே இன்று இச்சொல் உயிரோடு வழங்கும் இடம் வேறு. தோட்டத்துச் சம்பளத்தில் குடும்பம் நடத்த இயலாத நிலையிலே, பெண்கள் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகவும், பிள்ளைகளுள் சிலர் கொழும்பு வீடுகளுக்கும் கடைகளுக்கும் வேலையாட்களாகவும் போகின்றனர். அவர்களை அழைத்துச் செல்பவரைச் செய்தித்தாள்கள் தரகர் என்கின்றன. 2021ஆம் ஆண்டு மலையகச் சிறுமி ஒருத்தி கொழும்பில் தான் வேலைசெய்த வீட்டிலே தீக்காயமுற்று மருத்துவமனையில் இறந்தபோது, அவளை அங்கே சேர்த்துவிட்டதாகச் சொல்லப்பட்டவரைக் குறிக்கத் தமிழ்ப் பத்திரிகைகள் எவ்விதத் தயக்கமுமின்றி அச்சொல்லைப் பயன்படுத்தின. குடும்பத்துக்கு முதலிலே ஒரு தொகை கொடுத்தல், வழிச்செலவை ஏற்றல், சேர்த்துவிட்டதற்கு ஆளின் பேரில் பணம் பெறல், பெரும்பாலும் தெரிந்தவராகவோ உறவினராகவோ இருத்தல் என்று நோக்கினால், பெரிய கங்காணிக்கும் இவருக்கும் தொழிலில் உள்ள வேறுபாடு சிறிது. நிலையில் உள்ள வேறுபாடு பெரிது. இவருக்குத் தலைப்பாகை இல்லை, துரையின் முன்னே நிற்கும் உரிமை இல்லை, கோயிலில் முதல் மரியாதை இல்லை. தோட்டத்திலே அவரும் ஓர் ஏழை. ஆதலின் அவருக்குத் தரகர் என்ற பெயர் தடையின்றிக் கிடைத்துவிட்டது. கங்காணிக்கு மறைந்திருந்த சொல் இவருக்கு வெளிப்பட்டதன் காரணம், நாம் நேர்மை பெற்றுவிட்டமை அன்று.

மேலே உள்ளவர்களுக்குச் சொல் இன்றும் வேறாகவே இருக்கின்றது. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றுக் கொழும்பிலே இயங்கும் நிறுவனங்கள் முகவர் நிலையங்கள் எனப்படுகின்றன. அவற்றுக்காகத் தோட்டத்திலே ஆள் தேடுபவர் உப முகவர். அவருக்கு அனுமதிப்பத்திரம் இருப்பது அரிது. பணம் கைமாறும் வழி ஒன்றாயினும் முகவர், உப முகவர், தரகர் என்று பெயர் படிப்படியாக இறங்குகின்றது. லயத்திலோ வேறு வழக்கு. வீட்டுக்கு வந்து தேநீர் குடித்து, கடவுச்சீட்டுக்குப் படம் எடுக்கப் பதுளைக்கோ பண்டாரவளைக்கோ கூட்டிச் செல்லும்வரை, போகவிருக்கும் பெண்ணுக்கு அவர் மாமா, அல்லது அண்ணன். அங்கிருந்து சம்பளம் வரவில்லை, தொலைபேசியும் எடுக்கப்படவில்லை என்று ஆன பின்னரே வீட்டார் வாயில் அவர் புரோக்கர் ஆகின்றார்.